வானத்திற்கு ஒரு கூரை

வீடு கட்டுவோர் காற்றுக்கும் வெளிச்சத்திற்கும் வழி வைத்த பின்னரே சுவரை உயர்த்துவர். பள்ளிவாசலாயினும் பள்ளிக்கூடமாயினும் இதுவே முறை. கோளரங்கம் கட்டுவோர்க்கோ வெளிச்சத்தை வெளியே நிறுத்துவதுதான் முதற் கவலை. சாளரமற்ற வட்டச் சுவரெழுப்பி, அதன்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்தாற் போன்றதொரு குவிமாடம் அமைத்து, உள்ளே இருளைச் சேமித்து, அவ்விருளில் விண்மீன்களை விதைப்பது அவர்தம் பணி. இத்தகைய கட்டடமொன்று மண்ணிலிருந்து எழுந்து வந்ததைப் பல தவணைகளில் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அது நம்முள் எழுப்பிய எண்ணங்கள் சிலவற்றை ஈண்டுச் சொல்ல விழைகிறோம்.

திண்டுக்கல்லில் தோல் வணிகத்தோடு தொடர்புடையோர்க்குச் சென்னைப் பெரியமேடு இரண்டாவது ஊர் போன்றது. நாமும் 1980களின் நடுவில், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பாண்டியன் விரைவு வண்டியேறிச் சென்று வந்தோம். அலுவல் முடிந்து அடையாற்றில் உள்ள உறவினர் இல்லம் செல்லும் வழியில் கோட்டூர்புரம் வரும். இன்று பி.எம். பிர்லா கோளரங்கம் என வழங்கும் கட்டடத்தின் வேலை அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது. முதன்முறை கண்டபோது கம்பிக் கட்டுகளும் ஜல்லிக் குவியலுமே இருந்தன. அடுத்த பயணத்தில் ஆளுயர வட்டச் சுவரைக் கண்டோம். பின்னொரு நாள் சவுக்குக் கழிகளால் சாரம் கட்டியிருந்தார்கள். சித்தாள் பெண்கள் வரிசையாய் நின்று சாந்துச் சட்டிகளைக் கைமாற்றி மேலே அனுப்பிக்கொண்டிருந்தனர்.

அன்று நிழலில் இளைப்பாறிய மேஸ்திரி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

“ஜன்னல் எங்கே வைக்கப் போகிறீர்கள், மேஸ்திரி?”

“ஜன்னலே கிடையாது பாய். உள்ளே வானத்தைக் காட்டப் போறாங்களாம். அதுக்கு இருட்டு வேணுமாம்.”

“வெளியில் இருக்கிற வானம் போதாதா?”

அவர் சிரித்தார். “மெட்ராசிலே எங்கே பாய் வானம் தெரியுது? லைட்டுதான் தெரியுது. எங்க ஊர்லே களத்து மேட்டிலே படுத்தா அத்தனையும் தெரியும்.”

எழுத்தறிவு அதிகமில்லாத அம்மனிதர் சொன்னதே கோளரங்கத்தின் தேவையை முழுதும் சொல்லிவிட்டது. சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட நம் சமவெளியிலும் அந்த வானம் ஒருகாலத்தில் எல்லார்க்கும் பொதுச் சொத்தாயிருந்தது. இரவில் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சிய உழவர்க்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. அறுமீன் உச்சிக்கு வந்ததையும் விடிவெள்ளி எழுந்ததையும் பார்த்தே அவர்கள் மடை மாற்றினர். இன்று நெடுஞ்சாலை விளக்குகளும் ஆலை விளக்குகளும் அடிவானத்தை வெளுக்கச் செய்துவிட்டன. பெருநகரம் இழந்ததை நம் ஊரும் மெல்ல மெல்ல இழந்து வருகிறது.

கோளரங்கம் என்னும் எண்ணமே ஒரு நூற்றாண்டுப் பழமையுடையது. ஜெர்மனியின் யேனா நகரில், சைஸ் தொழிற்சாலையின் பொறியாளர் வால்டர் பவர்ஸ்ஃபெல்ட், விண்மீன்களை ஒளியாய் வீசும் கருவியை உருவாக்கினார். 1923இல் அது மியூனிக் அருங்காட்சியகத்தில் காட்டப்பட்டது. வானத்தை வீழ்த்திக் காட்டத் திரை வேண்டுமே! அதற்கென இரும்புக் கம்பிகளை வலைபோற் பின்னி, சில சென்டிமீட்டர் கனமே உள்ள கான்கிரீட்டை அதன்மேற் பூசி, தொழிற்சாலைக் கூரைமேல் அரைக்கோளம் ஒன்றை எழுப்பினார். பிற்காலத்து மெல்லோட்டுக் கூரைகள் பலவற்றிற்கு அதுவே முன்னோடி. நம் நாட்டில் 1963இல் நேரு திறந்து வைத்த கல்கத்தாக் கோளரங்கம் சாஞ்சித் தூபியின் வடிவைத் தழுவியது. 1965இல் எழுந்த கொழும்புக் கோளரங்கமோ தாமரை மொட்டை நினைவூட்டுவது.

நம் மாவட்டத்திலேயே வேறுவகைக் குவிமாடங்கள் உள்ளன. 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வு நிலையத்தின் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாறியது. ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்திலுள்ள அங்கிருந்துதான், சூரியப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்ஷெட் கண்டறிந்தார். அங்குள்ள மாடம் வானைக் காணத் திறக்கிறது. கோளரங்கத்தின் மாடம் வானைக் காட்ட மூடியிருக்கிறது. முன்னது அறிஞர்க்கு, பின்னது நம்போன்றோர்க்கு.

1988இல் சென்னைக் கோளரங்கம் திறக்கப்பட்டது. அவ்வாண்டே நம் மக்களை அழைத்துச் சென்றோம். விளக்குகள் அணைந்தன. செங்கல்லும் சாந்தும் எங்கு போயினவோ, தலைக்குமேல் விண்மீன்கள் பூத்தன. ஓர் இரவு முழுதும் சில நிமிடங்களில் சுழன்று கடந்தது. நாம் ரோகிணி என்பதை உலகம் அல்டெபரான் என்கிறது. ‘பின்தொடர்வது’ எனப் பொருள்படும் அரபுச் சொல் அது. எதைப் பின்தொடர்கிறது? கார்த்திகை என்னும் அறுமீனை. அதன் அரபுப் பெயர் சுரையா. நம் இல்லங்களில் பெண் மக்களுக்கு ஆசையோடு சூட்டும் அப்பெயரின் உரியவள் வானில் இருக்கிறாள் என்பதை எத்தனை சுரையாக்கள் அறிவார்கள்? பத்தாம் நூற்றாண்டில் அப்துர் ரஹ்மான் சூஃபி விண்மீன்களை ஒவ்வொன்றாய் அளந்து நூலெழுதினார். அச்செல்வத்தின் வாரிசுகள் அண்ணாந்து பார்ப்பதையே மறந்தால் யார் பொறுப்பு?

வெளியே வானம் இலவசமாயிருக்க, பெரும்பொருள் செலவிட்டு அதன் நகலை வைப்பானேன் எனக் கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் மேகமும் புகையும் மறைக்காத வானம், ஓராண்டுக் காலத்தைச் சில நிமிடங்களில் சுருக்கிக் காட்டும் வானம், தென்துருவத்து மீன்களையும் காட்டும் வானம் வெளியே கிடைப்பதில்லை. நகலைக் கண்டு மூலத்தை மறந்தால்தான் செலவு வீண்.

எனவே ஊர் திரும்பியபின், கார்த்திகை மாதத்து அமாவாசை இரவொன்றில் மக்களை நத்தம் சாலை வழியே சிறுமலை அடிவாரத்திற்கு அழைத்துச் சென்றோம். சற்று நேரம் கண் இருளுக்குப் பழகியதும், இளையவள் கிழக்கே கைநீட்டி, “அத்தா, அதோ சுரையா! பின்னாலேயே வர்றது அது!” என்றாள். நாம் எதுவும் கற்பிக்கவில்லை. பிறை காண மாடியேறும் பழக்கம் நம்மிடம் இன்னும் அழியவில்லை. பிறை கண்டதும் இறங்கிவிடாமல், பிள்ளைகளோடு இன்னும் அரைமணி நேரம் அங்கேயே நின்றால் போதும்.