பண்ணைக்காட்டு ஏற்றம்

சமவெளியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை குதிரைசக்தி?" மலைப் பாதையோ வேறு கேள்வி கேட்கிறது. அது என்ன கேள்வி என்பதை அறியவே பண்ணைக்காட்டுக்குப் புறப்பட்டோம்.

எங்கள் நண்பர் ஒருவர் சில ஆயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். மலையேறும்போது தம் வண்டிக்கு மூச்சு வாங்குகிறது, ஆகையால் இன்ஜினைப் பிரித்துப் பெரிய பிஸ்டன் போட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். "முதலில் மலையைக் கேட்போம், பிறகு மெக்கானிக்கைக் கேட்கலாம்" என்று சொல்லி அவரை அழைத்துச் சென்றோம்.

கொடைக்கானல் பஸ்ஸில் போகிறவர்கள் ஊத்து என்னும் இடத்தில் பண்ணைக்காட்டுக்குப் பிரியும் சாலையைப் பார்த்திருப்பார்கள். நாங்கள் அந்த வழியை விட்டு, வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை, தடியன்குடிசை, தாண்டிக்குடி வழியாக ஏறினோம். சித்தரேவு தாண்டியதும் தென்னந்தோப்புகள் கீழே இறங்கிவிடுகின்றன; மேலே காப்பிச் செடிகளும், மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளும், வாழையும் நம்மை வரவேற்கின்றன.

கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றும் ஒரு பரீட்சை. வேகம் அநேகமாக நின்றே விடுகிறது. இன்ஜினின் சுழற்சியும் தாழ்ந்துவிடுகிறது. அந்த நிலையில் இரண்டு பேரையும் மூட்டை முடிச்சையும் மேலே இழுக்க வேண்டும். சென்னையில் செய்யப்படும் இன்றைய புல்லட் 350 வண்டியின் 20 குதிரைசக்தி நிமிஷத்துக்கு 6,100 சுற்றில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. வளைவில் அந்தச் சுழற்சி ஏது? அங்கே கை கொடுப்பது முறுக்கு விசை. அதே வண்டியில் அது 4,000 சுற்றிலேயே 27 நியூட்டன் மீட்டர் என்ற உச்சத்தை எட்டிவிடுகிறது. குதிரைசக்தி ஓட்டத்துக்கு, முறுக்கு விசை ஏற்றத்துக்கு.

திருவொற்றியூரில் செய்யப்பட்ட பழைய புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். நிதானமாகச் சுழலும்போதே சிலிண்டர் நன்றாக நிரம்பும்படி அமைந்தது அது. அதன் கனமான பறக்கும் சக்கரம் இன்ஜினைச் சட்டென்று நின்றுவிடாமல் தாங்கும்.

இன்ஜினை எப்படியெல்லாம் பலப்படுத்தலாம்? பெரிய பிஸ்டன் போட்டால் இழுவை நிச்சயம் கூடும். ஆனால் செலவு அதிகம்; வெப்பமும் அதிகம். வண்டியைத் தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாகத் திருத்துவதை 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் கட்டுப்படுத்துகிறது. அழுத்த விகிதத்தைக் கூட்டுவது இன்னொரு வழி. ஆனால் தாழ்ந்த சுழற்சியில் பெருஞ்சுமை இழுக்கும்போதுதான் இன்ஜின் 'டக் டக்' என்று தட்டும். மலைப் பாதையில் இருப்பதோ அந்த நிலைமையேதான்! சைலன்ஸரைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் சத்தந்தான் ஏறுமே தவிர வண்டி ஏறாது. தாழ்ந்த சுழற்சியில் இழுவை குறைவதும் உண்டு.

மலைக்காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆயிரம் அடி ஏறினால் சக்தியில் சுமார் 3 சதவிகிதம் குறைகிறது. சுமார் 7,000 அடி உயரமுள்ள கொடைக்கானலில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. பழைய கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைந்தும் பெட்ரோல் குறையாமல் வருவதால் கரும்புகை வேறு.

தாண்டிக்குடிக்கு அருகில் நாங்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தபோது, இரண்டு வாழைத்தாரைச் சுமந்துகொண்டு ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். எங்களைக் கடந்து போயிற்று. ஓட்டி வந்த பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த 100 சி.சி. மொபெட்டுக்கு நாலரைக் குதிரைசக்திகூட இல்லை. ஆனால் அதன் முறுக்கு விசை 3,500 சுற்றிலேயே உச்சத்தை அடைகிறது. பல்சக்கரக் கணக்கும் சுமைக்கென்றே போட்டது.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பல்சக்கரத்தை மாற்றினால்?" என்றார். அதுவே மலை சொன்ன பதில். செயினை இழுக்கும் முன் பல்சக்கரத்தில் 16 பல்லுக்குப் பதில் 15 பல் வைத்தால், இன்ஜினைத் தொடாமலே பின் சக்கரத்துக்குச் சுமார் 7 சதவிகிதம் அதிக இழுவை கிடைக்கும். சமவெளியில் அதே வேகத்துக்கு இன்ஜின் சற்று அதிகமாகச் சுழல வேண்டும், நஷ்டம் அவ்வளவுதான். இதையும் வண்டிக்கு ஏற்றதா என்று விசாரித்தே செய்ய வேண்டும்.

இதில் பெரிய லாபம் இறக்கத்தில் இருக்கிறது. தாழ்ந்த கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக் சூடேறி உயிருக்கு உலை வைக்காது. ஏறும் சக்திக்குச் செலவிடுகிறவர்கள் இறங்கும் வழியையும் நினைப்பது நல்லது. பின்னால் உட்கார்ந்து வருவது மனைவியும் குழந்தையும் அல்லவா?

பண்ணைக்காட்டை அடைந்தபோது மாலை மூடுபனி காப்பித் தோட்டங்களின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. சுடச்சுடக் காப்பி சாப்பிட்டுக்கொண்டே, சேர்த்த பணத்தில் பாதியை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் ஒதுக்கிவிட்டார் நண்பர்.