விக்கிப்பீடியா முகவரியில் ‘டிஏ’ வந்த கதை

தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரி ‘டிஏ’ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்குகிறது. அடுத்து ஒரு புள்ளி, அப்புறம்தான் விக்கிப்பீடியா, கடைசியில் டாட் ஆர்க். பிபிசி தமிழோ மொழியைப் பின்னால் வைக்கிறது: பிபிசி டாட் காம், ஒரு சாய்கோடு, அதன்பின் தமிழ். அமேசான் நாட்டைப் பார்க்கிறது. இந்தியாவுக்கு டாட் இன், ஜெர்மனிக்கு டாட் டிஇ. இந்த மூன்றில் விக்கிப்பீடியா முதல் வழியை எப்படிப் பிடித்தது என்று அதன் ஆரம்ப கால வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

2001 ஜனவரி 15 அன்று ஆங்கிலத்தில் தொடங்கிய விக்கிப்பீடியா, இரண்டே மாதத்தில் மற்ற மொழிகளுக்குக் கதவைத் திறந்தது. மார்ச் 16 அன்று அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் அறிவித்த ஜெர்மன் தளத்தின் முகவரியில் இன்றைய குறியீடு கிடையாது. ‘டாய்ச்சே’ என்று மொழியின் பெயரே முன்னால் நின்றது. முடிவும் அப்போது டாட் காம்தான். அதையொட்டி வந்த கட்டலான் தளத்துக்கும் அதே பாணி. சில மாதங்களிலேயே இரண்டெழுத்துக் குறியீடுகள் அந்த நீண்ட பெயர்களின் இடத்துக்கு வந்துவிட்டன. டாட் ஆர்க் வந்தது 2002இல்.

மென்பொருளும் இதற்குத் தோதாக இருந்தது. அன்று ஓடிய யூஸ்மாட்விக்கி, பெர்லில் எழுதப்பட்ட சிறிய நிரல். ஒரு நிறுவலுக்கு ஒரு விக்கி, அவ்வளவுதான். புது மொழி வேண்டுமென்றால் இன்னொரு விக்கியைத் தனியாக நிறுவித் தனி முகவரி கொடுப்பது எளிது. அந்த ஏற்பாட்டால் ஒவ்வொரு மொழிக்காரர்களும் தங்கள் விதிகளையும் நிர்வாகிகளையும் தாங்களே தேர்ந்துகொள்ள முடிந்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, ஆங்கிலப் பதிப்பின் மொழிபெயர்ப்புக் கிளையாக இல்லாமல் சொந்தக் காலில் நிற்பது இதனால்தான்.

ஆங்கிலம் மட்டும் சில காலம் குறியீடே இல்லாமல் பொது வாசலில் உட்கார்ந்திருந்தது. பிறகு அதுவும் ‘இஎன்’ என்ற முன்னொட்டுக்கு நகர்ந்தது. வாசல் எல்லா மொழிகளுக்கும் பொதுவானது. இந்தத் தேடலில் என்னை மிகவும் மகிழ்வித்த செய்தி இதுதான்.

குறியீடுகளின் பூர்வீகம் இன்னும் பழையது. மொழிகளுக்கு ஐஎஸ்ஓ 639 என்று ஒரு பட்டியல், நாடுகளுக்கு ஐஎஸ்ஓ 3166 என்று வேறொன்று. 1984இல் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதிய ஆர்எஃப்சி 920 என்ற ஆவணம், இணைய முகவரிகளின் வால்பகுதிக்கு நாடுகளின் பட்டியலைக் கைக்கொண்டது. இரண்டு பட்டியல்களும் தனித்தனியே வளர்ந்தவை என்பதால் மோதல்கள் உண்டு. முகவரியின் கடைசியில் ‘யுகே’ வந்தால் பிரிட்டன். விக்கிப்பீடியாவின் முன்னால் வந்தால் உக்ரைனிய மொழி. ‘எஸ்ஐ’ வாலில் ஸ்லோவேனியா, முன்னால் சிங்களம். ‘எம்எல்’ மாலி நாடாகவும் இருக்கும், மலையாளமாகவும் இருக்கும்.

தமிழுக்கு நாட்டுவால் பொருந்தவே பொருந்தாது. வாசகர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும்போது எந்த நாட்டின் வாலை ஒட்டுவது? தமிழ் எழுத்திலேயே .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்ற வால்கள் இருக்கின்றன. ஆனால் அவையும் நாடுகளின் பெயர்களே. அதிலும் மலேசியாவுக்குத் தமிழ் எழுத்தில் வால் இல்லை.

வால் ஒருபுறம் இருக்க, பக்கத்தின் பெயரைத் தமிழில் வைப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. ‘தமிழ்’ என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியை நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாக விரியும். மூன்றெழுத்துச் சொல் 45 எழுத்தாகிவிடும். வாட்ஸ்அப்பில் தமிழ் விக்கி இணைப்பை ஒட்டும்போது சிலசமயம் வரும் அந்த நீண்ட குப்பை இதுதான். அதற்காகத் தமிழ்த் தலைப்பைக் கைவிட வேண்டியதில்லை. உலாவியின் முகவரிப் பட்டையில் அது தமிழாகத்தான் தெரிகிறது.

முன்னொட்டா, சாய்கோடா என்பது தளத்தை நடத்துபவரின் வசதி. சிறிய குழுவுக்குச் சாய்கோடே போதும் என்பது என் கருத்து. ஒரே தளமாகப் பராமரிக்கலாம். ஆனால் வருபவரின் ஊரைப் பார்த்து ஒரே முகவரியில் மொழியை மாற்றிக் காட்டாதீர்கள். கூகுளின் தேடல் நிரல் பெரும்பாலும் அமெரிக்க முகவரிகளிலிருந்துதான் வருகிறது. உங்கள் தமிழ்ப் பக்கம் அதன் கண்ணில் படாமலே போய்விடும். தமிழுக்கென்று நிலையான முகவரி ஒன்றைக் கொடுங்கள், ஆங்கிலப் பக்கத்திலிருந்து அதற்கு இணைப்பும் கொடுங்கள்.