முதல் தட்டைக் காணவில்லை

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் பெய்த மழையில் எங்கள் ஊரான ஏரல் முழுகியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று வானிலைக்காரர்கள் கணக்குச் சொன்னார்கள். தாமிரபரணிப் பாலத்தின் ஓரம் அறுத்துக்கொண்டு போனதும், கடைத்தெருவுக்குள் ஆறு புகுந்ததும்தான் எங்கள் கணக்கு. வெள்ளம் வடிந்த பிறகு, ரேடியோ செட்டு போடும் அண்ணாச்சி ஒருவர் கடை வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, சேறு படிந்த கேசட்டுகளைக் காயவைத்திருந்தார். இனி ஓடாது என்று அவருக்கும் தெரியும். மனசு கேட்கவில்லை.

அதில் ஒன்றைக் கையில் எடுத்தேன். ‘லவ் பேர்ட்ஸ்’. 1996-இல் பிரபுதேவா, நக்மா நடித்து வந்த படம், ஏ.ஆர்.ரகுமான் இசை.

“அந்த இங்கிலீஷ்காரன் பாடுவாம்லா, அது கோயில் கொடையில போட்டா பயலுவ ஆடத் தெரியாம முழிப்பானுவ தம்பி. தட்டு எங்க விழுதுன்னே பிடிபடாது. டேப்புதான் கோளாறுன்னு நெனச்சு கழத்திப் பாத்தேம்லா” என்றார்.

அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்று தேடக் கிளம்பியது அன்றைக்குத்தான்.

‘இங்கிலீஷ்காரன்’ இங்கிலீஷ்காரன் இல்லை. அப்பாச்சி இந்தியன் என்ற பெயரில் பாடிய ஸ்டீவன் கபூர், பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளை. பிறந்தது 1967-இல், இங்கிலாந்தின் பர்மிங்காமில். வளர்ந்தது ஹேண்ட்ஸ்வொர்த் என்ற பகுதியில். அங்கே பஞ்சாபிகளும் ஜமைக்காக்காரர்களும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தார்கள். 1978-இல் ‘ஹேண்ட்ஸ்வொர்த் ரெவல்யூஷன்’ என்று அந்த ஊர்ப் பெயரையே வைத்து இசைத்தட்டு வெளியிட்ட ஸ்டீல் பல்ஸ் குழுவும் அந்தப் பகுதிதான். பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி வந்த ஜமைக்கா இசையான ரெகே பஞ்சாபிப் பையனின் நாக்கில் ஏறி, சென்னைக்கு வந்து, ஏரலில் அண்ணாச்சியின் டேப்பைக் கழற்ற வைத்திருக்கிறது.

ரெகே பிறந்த ஊரோ ஜமைக்காவின் தலைநகரம் கிங்ஸ்டன். 1968-இல் டூட்ஸ் அண்ட் த மேட்டல்ஸ் குழு வெளியிட்ட ஒரு பாட்டின் தலைப்பில் அந்தச் சொல் வந்து, இசைக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. அதற்கு முந்தைய கதையைப் படித்தபோதுதான் எனக்கு நம் ஊர் வாடை அடித்தது. 1950-களில் கிங்ஸ்டன் ஏழைகளுக்கு நடன விடுதிக்குப் போகக் காசில்லை; பிடித்த பாட்டை ரேடியோவிலும் போதுமான அளவு போடவில்லை. ஆகவே ஆம்ப்ளிபையரையும் அலமாரி உயரப் பெட்டிகளையும் தெருவுக்குக் கொண்டுவந்து, திறந்தவெளியில் இசைத்தட்டு சுழற்றினார்கள். ‘சவுண்ட் சிஸ்டம்’ என்று அதற்குப் பெயர். முதலில் பேர் வாங்கிய செட்டுக்காரர்களில் ஒருவரான டாம் வாங், சீன வம்சாவளி, ஹார்டுவேர் கடைக்காரர். பின்னால் வந்த கிங் டப்பி ரேடியோ ரிப்பேர் செய்தவர். பாடும் குரலை நடுவில் நிறுத்தி, தாளத்தை மட்டும் எதிரொலியோடு ஓடவிட்டு ‘டப்’ என்ற புது இசையையே உண்டாக்கியது அந்த ரிப்பேர்க் கை.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். “அங்கயும் ஒரு ஆளுக்கு சால்டரிங் ராடுதான் சோறு போட்டிருக்கு” என்றார்.

படித்தது போதாது, காதால் கேட்க வேண்டும் என்று கோவாவுக்கு ரயில் ஏறினேன். டெல்லியில் 2009-இல் சேர்ந்த ரெகே ராஜாஸ் என்ற குழு, 2016 முதல் அங்கே ‘கோவா சன்ஸ்பிளாஷ்’ என்ற திறந்தவெளி ரெகே விழாவை நடத்தத் தொடங்கியது. 1978-இல் ஜமைக்காவின் மாண்டிகோ பேயில் தொடங்கிய ‘ரெகே சன்ஸ்பிளாஷ்’ விழாவின் பெயர்ச் சாயல் அது.

தென்னைகளுக்கு நடுவே மேடை. மேடையை விட ஆட்கள் அதிகம் நின்றது மரப்பெட்டி ஸ்பீக்கர் அடுக்குக்கு முன்னால்தான். பேஸ் கிட்டார் ஒலி காதில் விழுமுன் வயிற்றில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரல் மடக்கி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நம் கை தானாகத் தட்டும் ஒன்றில் டிரம் சும்மா இருக்கிறது. மூன்றில் வந்து தொப்பென்று இறங்குகிறது. ‘ஒன் டிராப்’ என்று சொல்வது இதைத்தான். கிட்டாரோ இரண்டிலும் நான்கிலும் வெட்டிவிட்டு ஓடுகிறது. கச்சேரியில் தாளம் தொடங்கிய பிறகு பாட்டு எடுப்பதை அநாகதம் என்பார்கள். இங்கே டிரம்மே அநாகதத்தில் நிற்கிறது. எங்கள் ஊர்ப் பயல்கள் முழித்ததில் தப்பே இல்லை. அவர்கள் காத்திருந்த முதல் தட்டு வரவே வராது. அதை உடம்புக்குள் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். அது பிடிபட்டதும் கால் தானாக நகர்ந்தது.

தேடலின் நடுவே ஒரு சபலம் வந்ததை மறைக்க வேண்டாம். 1845 மே 10 அன்று ‘பிளண்டெல்’ என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை ஜமைக்காவில் இறக்கியது. அடுத்த எழுபது ஆண்டுகளில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். கஞ்சா என்ற சொல் அங்கே வழங்குவது அவர்கள் கொண்டுபோனதால்தான். அப்படியானால் தாளமும் நம்முடையதுதானோ? மகுடம் என்ற தோல்கருவி அடிக்கும் எங்கள் பக்கத்துக் கணியான் கூத்தில் உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம். ஜமைக்காவின் ராஸ்தஃபாரி சமயத்தாரின் நியாபிங்கி வழிபாட்டில் பேஸ், ஃபுண்டே, ரிப்பீட்டர் என்று மூன்று முரசு. இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு கட்டுரை எழுதினால் பகிர ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் முதல் கப்பல் கல்கத்தாவிலிருந்து போனது. போனவர்களில் பெரும்பாலோர் போஜ்புரி பேசிய வடக்கத்தியர். நியாபிங்கி முரசின் வேர் ஆப்பிரிக்கா. அடிமையாகப் பிடித்துப்போன மக்கள் பறிகொடுக்காமல் வைத்திருந்த சொத்து அது. அதில் நமக்குப் பங்கு கேட்பது நியாயமில்லை.

தாளத்தில் இல்லாத உறவு, அது ஒலிக்கும் மைதானத்தில் இருக்கிறது. சபாவும் மண்டபமும் இல்லாதவர்கள் இரவில் வெட்டவெளியில் பெட்டியை அடுக்கித் தங்கள் சத்தத்தைத் தாங்களே கேட்டுக்கொள்கிறார்கள். பனையில் கூம்பு ஸ்பீக்கர் கட்டி, சுடலைமாடன் கொடைக்கு விடிய விடிய வில்லுப்பாட்டை ஊர்தாண்டிக் கேட்கவைத்த கையும், கிங்ஸ்டன் தெருவில் ஒயர் இழுத்த கையும் செய்தது ஒரே வேலை. இசை வரலாறு எழுதுகிறவர்கள் பாடகரை எழுதுகிறார்கள். ஜமைக்காவில் செட்டுக்காரரையும் சேர்த்து எழுதினார்கள். நாம் இன்னும் எழுதவில்லை.

ஊர் திரும்பியதும் அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து விரல் மடக்கிக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டார். 1992-இல் வந்த ‘ரோஜா’. மின்மினி பாடிய ‘சின்னச் சின்ன ஆசை’. “இதுலயும் கீழ ஓடுத கிட்டாரு அப்படித்தான தம்பி போவுது?” என்றார்.

அப்படித்தான் போகிறது. குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்; ரெகேயின் நடை தெரியும். முப்பது வருடமாக எல்லாக் கொடையிலும் அதை ஒலிக்கவிட்டிருக்கிறோம், யாரும் டேப்பைக் கழற்றவில்லை. அந்தப் பாட்டில் வரும் அருவிகளில் ஒன்று பாபநாசத்துக்கு மேலே இருக்கும் பாணதீர்த்தம். அங்கே விழும் தண்ணீர்தான் ஏரலைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது.