எழுபது வளைவுகளும் பின் ஆசனமும்

வாசகர்களிடம் முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். 2022-ம் வருஷம் கோடை விடுமுறையில், கொல்லிமலை ஏறும் வழியில், ஐம்பத்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், என் மனைவியை ரஸ்தாவில் இறக்கி நடக்க விட்டுவிட்டு, நான் மட்டும் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனேன். இதைப் படிக்கும் தாய்மார்கள் என்மேல் கோபம் கொள்ளக்கூடும். அவர்களுடைய கோபம் நியாயமானதே. ஆயினும், நடந்ததை முழுவதும் கேட்டபிறகு தீர்ப்புச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் குடும்பத்துக்கும் மலைகளுக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. என் மனைவிக்கு மலை என்றால் உயிர். ஆனால் பஸ்ஸிலோ காரிலோ மலை ஏறினால், நாலாவது வளைவிலேயே தலை சுற்றி வாந்தி வந்துவிடும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தாயிற்று. மாத்திரை விழுங்கிப் பார்த்தாயிற்று. முன் ஸீட்டில் இடம் பிடித்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் பலிக்கவில்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால், திறந்த காற்றில் உட்கார்ந்து போனால் மட்டும் அந்த உபத்திரவம் கிட்ட வருவதில்லை. ஆகவே, கல்யாணமான பதினெட்டு வருஷங்களில் அவள் பார்த்த மலைகளையெல்லாம் என்னுடைய நூறு சி.சி. வண்டியில்தான் பார்த்தாள். அந்த வண்டி நின்றால், அவளுக்கு மலை நின்றது என்று அர்த்தம்.

கொல்லிமலையோ லேசான மலை அல்ல. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் போனால் காரவள்ளி என்ற அடிவாரத்து ஊர் வருகிறது. அங்கே சமவெளி சட்டென்று முடிந்துவிடுகிறது. எதிரே மலை மதில் சுவரைப்போல் எழுந்து நிற்கிறது. அந்தச் சுவரின்மேல் கோலம் போட்டாற்போல் வளைந்து வளைந்து ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணை எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். உற்சாகமாக ஏறுகிறவனுக்கு அந்த எண்கள் படிக்கட்டு. திணறிக்கொண்டு ஏறுகிறவனுக்கு அவை கடன் பாக்கிக் கணக்கு!

அன்றைக்கு நாங்கள் திணறிக்கொண்டுதான் ஏறினோம். முதல் கியரை விட்டு இரண்டாவதுக்குப் போக வண்டி சம்மதிக்கவில்லை. ஐம்பத்து மூன்றாவது வளைவில் ஒரு பஸ் இறங்கி வந்தது. அதற்கு வழி விடுவதற்காக நிறுத்தினேன். பஸ் போனபிறகு வண்டி கிளம்ப மறுத்தது. கிளட்ச்சை விட்டால் என்ஜின் அணைந்தது. விடாவிட்டால் வண்டி பின்னால் நகர்ந்தது. மூன்று தடவை முயன்று பார்த்தேன். நாலாவது தடவைக்கு முன் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, நான் இறங்கிக்கிறேன். நீங்க ஓட்டிக்கிட்டுப் போங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் நடந்தாள். நான் ஒவ்வொரு வளைவிலும் போய் நின்று காத்திருந்தேன். ஐந்து வளைவுகள் இப்படியே கழிந்தன. எங்களைத் தாண்டி ஏறிய ஒரு பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு கிழவி, "அந்தம்மா நடக்குது பாரு, அவரு ஒய்யாரமா வண்டியில உக்காந்திருக்காரு!" என்று உரக்கச் சொன்னாள். பஸ் முழுவதும் சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அன்று மாலை வீடு திரும்பியதும், காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அவள் நிதானமாகச் சொன்னாள்: "இனிமேல் மலைக்கெல்லாம் நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. வந்து எனக்குச் சொல்லுங்க, போதும்." அதில் கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் ஏற்பட்டிராது.

நான் கணித வாத்தியார். மனவருத்தம் வந்தால் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் சுபாவம். பழைய வண்டியின் எடை ஏறக்குறைய 110 கிலோ. நாங்கள் இருவரும் சேர்ந்து 130 கிலோ. பை 15 கிலோ. ஆக மொத்தம் 255 கிலோ. இவ்வளவையும் சுமார் 1000 மீட்டர் உயரத்துக்கு இழுத்துப் போக வேண்டிய என்ஜினுக்கு இருந்த பலம் எட்டுக் குதிரைத்திறன். அதாவது, குதிரை ஒன்றுக்கு 32 கிலோ பாரம். அதுவும் புதிதாக இருந்த காலத்து எட்டுக் குதிரைகள்; பதினாலு வருஷம் ஓடிய பிறகு அவற்றில் எத்தனை குதிரைகள் மூச்சோடு இருந்தனவோ, ஈசுவரனுக்குத்தான் வெளிச்சம். குற்றம் வண்டியுடையது அல்ல. தினந்தோறும் ஒரு வாத்தியாரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்று ஏற்பட்ட சாதுவான பிராணியிடம், மலையைத் தூக்கச் சொன்னது நான்தான்.

பெரிய வண்டி வாங்குவது என்று தீர்மானித்தேன். சிநேகிதர்கள், "இந்த வயதிலா?" என்றார்கள். சிலர், "அந்தப் பணத்துக்கு ஒரு பழைய கார் வாங்கலாமே" என்று யோசனை சொன்னார்கள். காருக்கும் என் மனைவிக்கும் உள்ள விரோதம் அவர்களுக்குத் தெரியாது.

கடைக்குப் போகும்போது விளம்பரப் புத்தகங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். குதிரைத்திறன் எவ்வளவு, முறுக்குவிசை எவ்வளவு, அதிக வேகம் எவ்வளவு என்றெல்லாம் விற்பனைப் பையனைக் கேள்வி கேட்டுக் கொண்டிருந்தேன். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அங்கே நின்ற வண்டிகளின் பின் ஆசனத்தில் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்து பார்த்தாள். நான் மிகவும் மோகித்திருந்த ஒரு வண்டியின் பின் ஆசனம், வாலைத் தூக்கிய தேளைப்போல் மேலே எழும்பி நின்றது. அதிலிருந்து ஒரே நிமிஷத்தில் இறங்கிவிட்டாள். "இது உட்காருகிற இடம் இல்லீங்க. விழாமல் பிடித்துக்கொள்கிற இடம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு உண்மை பளிச்சென்று விளங்கிற்று. வண்டி ஓட்டுகிறவனுக்குக் கையில் பிடி இருக்கிறது. எதிரே ரஸ்தா தெரிகிறது. எப்போது பிரேக் பிடிக்கப் போகிறோம் என்பது முன்கூட்டியே தெரியும். பின்னால் இருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. குலுக்கல் முழுவதும் அவருக்கு. செய்தி ஒன்றும் இல்லை. பெரிய வண்டியின் உண்மையான பெருமை அதன் வேகத்தில் இல்லை. பின்னால் இருப்பவருடைய முதுகும் முழங்காலும் பயமும் எவ்வளவு குறைகின்றன என்பதிலேதான் இருக்கிறது. பதினெட்டு வருஷம் அவளை ஏற்றிக்கொண்டு போனவன் ஒரு தடவைகூடப் பின் ஆசனத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. அன்று உட்கார்ந்து பார்த்தேன்.

கடைசியில் ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350 என்ற வண்டியை அவளே தேர்ந்தெடுத்தாள். அகலமான ஆசனம், தரையிலிருந்து அதிக உயரமில்லை, கால் வைக்கும் மிதி வசதியான இடத்தில் இருந்தது. முதுகுக்கு ஒரு சாய்மானமும் பொருத்திக்கொண்டோம். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும், கால்மிதியும், உடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி சொல்கிறது. அந்தக் காப்பை இளைஞர்கள் அழகுக் குறைவென்று கழற்றி எறிகிறார்கள். என் மனைவி அதை இரண்டு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் கொடுத்தாள்.

இந்த வண்டிக்கு ஒரு சரித்திரமும் உண்டு. என்ஃபீல்டு கம்பெனி இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்ற ஊரில் பிறந்தது. 1955-ம் வருஷம் சென்னையிலிருந்த மதராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் வண்டி செய்ய ஆரம்பித்தார்கள். பிற்காலத்தில் சீமையிலிருந்த தாய்க் கம்பெனி மறைந்துபோயிற்று. சென்னைக் கரையில் விட்ட கன்று மாத்திரம் வேரூன்றி, மரமாகி, இன்று சீமைக்கே வண்டி அனுப்புகிறது. நம்மவர் கைவேலையைப் பற்றி இதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்?

விலை இரண்டு லட்சத்துக்கு மேல் ஆயிற்று. என் சேமிப்புப் போதவில்லை. குறைந்த தொகையைத் தன் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்து வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "பின்பக்கம் என்னுடையது. முன்பக்கத்தை நீங்க வச்சுக்குங்க."

வண்டி வீடு வந்த மூன்றாம் நாளே எனக்குப் பாடம் கிடைத்தது. 191 கிலோ எடையுள்ள அந்த யானையை, வாசற்படி அருகே, பழைய வண்டியைத் திருப்பும் ஞாபகத்தில் ஒரு கையால் திருப்பினேன். அது மெதுவாக, மிகவும் மரியாதையாக, பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது. தூக்கி நிறுத்த எதிர் வீட்டுக்காரரும் வர வேண்டியிருந்தது. ஓடும்போது எடை தெரிவதில்லை, நிற்கும்போதுதான் தெரிகிறது. மனிதர்களின் வயதும் அப்படித்தான் போலும்!

அதன்பிறகு ஒரு மாதம் மாணாக்கனானேன். விடியற்காலையில் காலியான மைதானத்தில் நிதானமாகத் திருப்பவும், சரிவில் நிறுத்திக் கிளப்பவும் பழகினேன். பிறகு இருவருமாகப் பழகினோம். நான் இரண்டு காலையும் ஊன்றித் தலையசைத்த பிறகே அவள் ஏற வேண்டும். புடவையை விட்டுச் சுடிதார் அணிந்து, ஒரு பக்கமாக உட்காராமல் இருபுறமும் கால் போட்டு உட்கார வேண்டும். வளைவில் வண்டி சாயும்போது எதிர்ப்புறம் இழுக்காமல், திரும்பும் பக்கத்துத் தோளுக்கு மேலாக வழியைப் பார்க்க வேண்டும். தோளில் ஒரு தட்டுத் தட்டினால் 'மெதுவாக', இரண்டு தட்டுத் தட்டினால் 'நிறுத்து'. இருவருக்கும் தலைக்கவசம். பின் சக்கரத்தின் ஸ்பிரிங்கைப் பாரத்துக்குத் தக்கபடி இறுக்க ஆறு படிகள் வைத்திருக்கிறார்கள். அதைத் திருப்பி வைத்து, டயரில் இருவர் பயணத்துக்குரிய அளவு காற்றடித்தேன். இந்த இரண்டையும் செய்யாமல், வண்டி ஆடுகிறது என்று பலர் குறைப்படுகிறார்கள்.

2023-ம் வருஷம் அக்டோபர் 23-ம் தேதி ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். மறுநாள் விஜயதசமி. குழந்தைகளுக்கு அட்சராப்பியாசம் செய்து வைக்கும் நாள் அல்லவா? நாங்களும் அன்றைக்கே கொல்லிமலைக்குப் புறப்பட்டோம்.

காரவள்ளியைத் தாண்டி முதல் வளைவு வந்தது. மறுபடி கணக்கு என் மனத்தில் ஓடிற்று. இப்போது மொத்தப் பாரம் 336 கிலோ. பலமோ இருபது குதிரை. குதிரை ஒன்றுக்குப் பதினேழு கிலோ கூட இல்லை. முன்பிருந்த பாரத்தில் ஏறக்குறைய பாதிதான்! வண்டி, பெரிய மனிதர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல, ஒரே சுதியில் தட்தட்டென்று பேசிக்கொண்டு ஏறிற்று. இருபதாவது வளைவுக்கு மேல் காற்றுக் குளிர்ந்தது. நாற்பதாவது வளைவில் மூடுபனி எதிர்கொண்டு அழைத்தது. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. விதியை அறிந்த ஒரு டிரைவர் எங்களுக்காகப் பஸ்ஸை நிறுத்திக் கையசைத்தார். அறியாதவர்களுக்கு நாங்கள் ஒதுங்கி நின்றோம். ஒதுங்கி நின்று மறுபடி கிளம்புவது இப்போது ஒரு பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

ஐம்பத்து மூன்றாவது வளைவு வந்தது. என் தோளில் இரண்டு தட்டு விழுந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. வளைவைக் கடந்து, அகலமான இடம் பார்த்து நிறுத்தினேன். அவள் இறங்கினாள்.

"என்னம்மா, முதுகு வலிக்கிறதா?" என்று கேட்டேன்.

"ஒன்றும் இல்லீங்க. போன தடவை இங்கே தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. இப்போது பார்க்கலாம் என்றுதான்" என்றாள்.

இருவரும் பார்த்தோம். நாங்கள் ஏறி வந்த பாதை, அவிழ்த்துப் போட்ட ரிப்பனைப்போல் மரங்களுக்கிடையே மடிந்து கிடந்தது. அதற்கப்பால் பச்சை வயல்களும், ஏரிகளும், வெள்ளைப் புள்ளிகளாக ஊர்களும் தெரிந்தன. கால் மணி நேரம் அங்கே நின்றோம்.

எழுபதாவது பலகையைக் கடந்து சோளக்காடு போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றியிருந்தது. சந்தையில் அன்னாசிப்பழம் வெட்டி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுத்தார்கள். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைப் பார்த்தோம். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பால் துளைத்தவன் என்று அவனைப் புறநானூறு புகழ்கிறது. அவ்வளவு பலசாலியையும் உலகம் வள்ளல் என்றுதான் முதலில் நினைவு வைத்திருக்கிறது. அறப்பளீசுவரர் சந்நிதியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தோம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அவளுடைய முழங்காலை உத்தேசித்து அதை விட்டுவிட்டோம். எந்த மோட்டார் சைக்கிளும் படி இறங்காது.

திரும்புகையில்தான் உண்மையான பரீட்சை. ஏறுவதற்கு என்ஜின் பலம் போதும். இறங்குவதற்கு நிதானம் வேண்டும். பாரம் முன்னுக்குத் தள்ளுகிறது. பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே, என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்கினேன். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். என்ற கருவி வண்டியில் இருக்கத்தான் இருக்கிறது. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அதை 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ஆனால் நிதானத்துக்குப் பதிலாக எந்தக் கருவியையும் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வழியில் ஒரே ஒரு தடவை தோளில் 'மெதுவாக' என்று தட்டு விழுந்தது. உடனே கீழ்ப்படிந்தேன்.

பெரிய வண்டியால் நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெட்ரோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கிறது. சந்தைத் தெருவில் திருப்ப முடியவில்லை. ஆகையால் பழைய வண்டியை விற்காமல், பள்ளிக்கூடத்துக்கு அதிலேயே போய் வருகிறேன்.

வண்டி வாங்க உத்தேசித்திருக்கும் வாசகர்களுக்கு என்னுடைய யோசனை இதுதான். விளம்பரப் புத்தகத்தை வீட்டிலே வைத்துவிட்டு, பின்னால் உட்காரப் போகிறவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். முதலில் அவர் உட்காரட்டும்.

அன்று இரவு வீடு வந்ததும், தைலப் புட்டியை நானே எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லி என் மனைவி அதை அலமாரியில் வைத்தாள். பிறகு, நாள்காட்டியின் அடுத்த மாதத் தாளைப் புரட்டிக்கொண்டே, "ஏற்காட்டுக்கு எத்தனை வளைவுங்க?" என்று கேட்டாள்.