ஒட்டுக்கட்டிய கணினி

ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். கொட்டையிலிருந்து முளைத்த கன்றின் பட்டையைக் கீறித் திறந்து, நல்ல பால் தரும் வேறொரு மரத்தின் கண்ணை அதில் பொருத்திக் கட்டிவிடுவார்கள். கண் பிடித்ததும் பழைய தலையை அறுத்துவிட்டால், வேர் ஒரு வகையும் மேல்மரம் வேறொரு வகையுமாக வளர்ந்து நிற்கும். தோட்டம் தோட்டமாக நாம் சீவிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரங்கள் இப்படி வந்தவைதாம். கணினிக்குள்ளும் இதே வேலை நடக்கிறது என்றால் நம்புவீர்களா? பட்டணத்தில் கணினி பழுது பார்க்கும் சிறு கடை வைத்திருப்பவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கணினியை நடத்தும் மென்பொருளில் அடிப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். வட்டு, திரை, விசைப்பலகை போன்ற உறுப்புகளோடு நேரே பேசுவது அதுதான். அதற்கு மேலே இருப்பது யூசர்லாண்ட். கோப்பைப் படியெடுப்பது, பட்டியல் போடுவது என்று நாம் ஏவும் வேலைகளைச் செய்யும் சின்னச் சின்ன நிரல்களின் கூட்டம். இரண்டுக்கும் நடுவே சி லைப்ரரி என்று ஒன்று உண்டு. அதை நம் கிராணியார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பால்வெட்டுக்காரர் துரையிடம் நேரே போய்ப் பேசுவதில்லை. கிராணியாரிடம் சொல்வார், அவர் துரைக்குப் புரியும் பாஷையில் எடுத்துச் சொல்வார். வேறு பாஷைக்காரத் துரை வந்துவிட்டால் கிராணியார் அந்தப் பாஷையைப் படித்துக்கொண்டால் போதும். நிரையில் நிற்பவருக்கு உளி அதே உளிதான்.

இது யாரோ விளையாட்டுக்குச் செய்த காரியம் அல்ல. 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாரும் எடுத்துப் பார்த்துத் திருத்திப் பயன்படுத்தக்கூடிய குனூ என்ற மென்பொருள் தொகுதியை உருவாக்கப்போவதாக அறிவித்தார். மேல்வேலை நிரல்கள் ஒவ்வொன்றாக வந்தன; 1990-இல் தொடங்கிய அதன் கெர்னல் மட்டும் இழுத்துக்கொண்டே போயிற்று. 1991-இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்ற கெர்னலை எழுதி வெளியிட்டார். தலை இங்கே, வேர் அங்கே. சேர்த்துக் கட்டினார்கள், பிடித்துக்கொண்டது. அதைக் குனூ லினக்ஸ் என்றுதான் அழைக்க வேண்டும் என்று ஸ்டால்மன் இன்றும் சொல்கிறார். கல்யாணப் பத்திரிகையில் யார் வீட்டுப் பெயர் முதலில் என்ற சண்டை அங்கேயும் உண்டு பாருங்கள்! உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் அடியில் இருப்பது அதே லினக்ஸ்தான்; மேலே இருப்பது குனூ அல்ல, கூகுள் சேர்த்த வேறு கூட்டம்.

இனி என் கடைக்கு வருகிறேன். 2013-ஆம் ஆண்டு, நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் இடிபட்ட சமயம். ஆளுக்கொரு திசையாகப் போன குடும்பங்கள், தங்களிடமிருந்த பழைய படங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும்படி என்னைக் கேட்டன. கோயில் திருவிழா, பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகைப் பிள்ளைகள் என்று 4,000-க்கு மேல் வந்து குவிந்தன. பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர், கைக்குட்டையில் சுற்றிய ஒரே ஒரு படத்தோடு வந்தார்.

“தம்பி, எங்க வீட்டுக்காரரு படம் இது ஒண்ணுதான் இருக்கு. ஒன் பெட்டியில போட்டா செல்லரிக்காதே?”

“அரிச்சா பெட்டியே கண்டுபிடிச்சுச் சொல்லிடும் அக்கா” என்றேன்.

அது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. இசட்.எஃப்.எஸ். என்றொரு சேமிப்பு முறை இருக்கிறது. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் போட்டு வைத்து, படிக்கும்போதெல்லாம் ஒத்துப் பார்க்கும். இரண்டு வட்டில் வைத்திருந்தால் கெட்டதை நல்லதிலிருந்து திருத்திக்கொள்ளும். உரிமச் சிக்கலால் லினக்ஸ் கெர்னலில் அதைச் சேர்க்கவில்லை. பெர்க்லி பல்கலைக்கழக வழியில் வந்த ஃப்ரீபிஎஸ்டியின் கெர்னலில் அது இருந்தது. எனக்கோ கைவந்தது டெபியன் என்ற குனூ லினக்ஸ் தொகுப்பு. ஃப்ரீபிஎஸ்டி கெர்னலின் மேல் குனூ நிரல்களை ஒட்டி, 2011-இல் டெபியன்காரர்களே சோதனையாக ஒன்றை வெளியிட்டிருந்தார்கள்; 2013-இல் வந்த அடுத்த வெளியீட்டிலும் அது இருந்தது. குனூவின் கிராணியாருக்குப் புதுத் துரையின் பாஷையைக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். வேரும் எனக்கு வேண்டியது, தலையும் எனக்குத் தெரிந்தது. அதையே போட்டேன், அருமையாக ஓடியது.

2014 நவம்பரில் செய்தி வந்தது: அடுத்த டெபியன் வெளியீட்டில் அது அதிகாரபூர்வமாக இடம்பெறாது. வேலைத்திறனில் குறை என்று நான் நினைக்கவில்லை. கெர்னல் புதிதாகும் போதெல்லாம் கிராணியாரும் திரும்பப் பள்ளிக்கூடம் போக வேண்டும். கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், சம்பளமில்லாமல் செய்பவர்கள். போதாததற்கு, சிஸ்டம்டி போன்ற புதிய நிரல்கள் லினக்ஸிடம் மட்டுமே உள்ள வசதிகளை நம்பி எழுதப்பட்டன. 2023 ஜூலையில் அந்த முயற்சியை அடியோடு மூடிவிட்டார்கள்.

அதுவரை நான் காத்திருக்கவில்லை. பாதுகாப்புத் திருத்தம் வராத பெட்டியில் பிறர் வீட்டுச் சொத்தை வைத்திருப்பது முறையல்ல. 2015-இல் ஒரு சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, படங்கள் இருந்த இரண்டு வட்டுகளையும் கழற்றி, கெர்னலும் மேல்நிரல்களும் ஒரே வீட்டார் செய்த ஃப்ரீபிஎஸ்டியையே வேறொரு கணினியில் ஏற்றி அதில் மாட்டினேன். வேர் அதே வேர் அல்லவா. ஒரே கட்டளையில் வட்டுகளை அடையாளம் கண்டுகொண்டது. முழுச் சோதனைக்கு விட்டுவிட்டு விடியவிடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் திரையில் பிழை 0 என்று வந்தது. முதலில் திறந்தது அக்கா வீட்டுக்காரரின் படம். தலைப்பாகையும் மீசையுமாக, தோளில் காண்டாக் கம்போடு நின்றார்.

இப்போது கடைக்கு ஒத்தாசையாக இருக்கும் என் அக்காள் மகன், கைமேரா லினக்ஸ் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். 2021-இல் தொடங்கியது, நான் செய்ததற்கு நேர்மாறு, லினக்ஸ் கெர்னலின் மேல் ஃப்ரீபிஎஸ்டியின் நிரல்கள். “மாமா, நம்ம படப்பெட்டியிலயும் இதையே போட்டுடலாமா?” என்கிறான். பின்கட்டில் கிடக்கும் பழைய கணினியை அவனிடம் கொடுத்து, ஆசை தீரப் போட்டுப் பார் என்றேன். அந்த இரண்டு வட்டும் இருக்கும் அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.