தாத்தா ஏறிய படிகள்

கடந்த பள்ளி விடுமுறையில் தாத்தா என்னை ஈப்போவிற்கு அழைத்துச் சென்றார். புறப்படும் முன் ஒரு பழைய தகரப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒரு தாளைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக் கொண்டார்.

சுங்கை சிப்புட்டில் இரயில் ஏறினோம். ஈப்போ நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நான் திரும்பிப் பார்த்தேன். வெண்ணிறக் குவிமாடங்கள், வரிசையான வளைவுகள், நீண்ட தாழ்வாரம் என அந்த நிலையம் ஓர் அரண்மனையைப் போல நின்றது. மக்கள் அதனை 'ஈப்போவின் தாஜ் மகால்' என்று அழைப்பதில் வியப்பில்லை. அதற்கு எதிரே, உயர்ந்த தூண்களுடன் நகர மண்டபம் தெரிந்தது. மண்டபம் 1916ஆம் ஆண்டிலும் நிலையம் 1917ஆம் ஆண்டிலும் கட்டி முடிக்கப்பட்டன. இரண்டையும் வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். கோலாலம்பூர் இரயில் நிலையமும் கோலகங்சார் உபுடியா பள்ளிவாசலும் அவர் வடிவமைத்தவையே.

"அப்போது ஈப்போதான் பேராக்கின் தலைநகரமா, தாத்தா?" என்று கேட்டேன்.

"இல்லைய்யா. அப்ப தைப்பிங்தான் தலைநகரம். 1937லதான் ஈப்போவுக்கு மாறுச்சு."

தலைநகரமாக இல்லாத ஊரில் இத்தனை பெரிய கட்டடங்கள் எதற்கு? கிந்தா பள்ளத்தாக்கின் ஈயமே அதற்குக் காரணம் என்று தாத்தா விளக்கினார். ஈயமும் இரப்பரும் இவ்வூர்களின் வழியாகவே துறைமுகங்களுக்குச் சென்றன. சுரங்கங்களில் சீனர்களும் தோட்டங்களில் தமிழர்களும் சிந்திய வியர்வை இந்நகரின் செல்வமாயிற்று.

பிறகு தாத்தா அந்தத் தாளை எடுத்து விரித்தார். அது எழுத்துகள் மங்கிப்போன மணியார்டர் இரசீது. என் கொள்ளுத்தாத்தா சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தமிழ்நாட்டிலிருந்த தம் தாயாருக்குப் பணம் அனுப்ப ஈப்போவிற்கு வருவார். அக்காலத்தில் நகர மண்டபக் கட்டடத்தின் ஒரு பகுதியில் அஞ்சல் நிலையம் இயங்கியது.

"சின்னப் பையனா இருந்தப்ப எங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு நானும் வருவேன். அஞ்சல் நிலையத்தோட திரும்பிடுவோம். முன்பக்கம் போய்ப் பார்க்கலாம்பான்னு கேட்பேன். 'அது பெரிய மனுஷங்க போற வழி'ன்னு சொல்லிடுவாரு. யாரும் அவரைத் தடுக்கல. அவராவே தயங்கிட்டாரு."

எனக்கு ஏதும் பேசத் தோன்றவில்லை. அவர்கள் வாழ்ந்த லயங்கள் இன்று இல்லை. தோட்டம் இருந்த இடத்தில் செம்பனை வளர்ந்து நிற்கிறது. நூற்றாண்டைக் கடந்த மண்டபத்தின் கதையைப் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தாவின் உழைப்புக்குச் சான்றாக எங்களிடம் இருப்பதோ இந்த ஒரு துண்டுத் தாள்தான்.

தாத்தா மண்டபத்தின் முன்பக்கம் நடந்தார். முழங்கால் வலியால் என் தோளைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே சென்றதும் தூணருகே நிமிர்ந்து நின்றார்.

"ஒரு படம் எடுய்யா" என்றார்.

இன்று எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அந்த இரசீதும் இந்தப் படமும் ஒன்றாக இருக்கின்றன. படத்தின் பின்புறம் கொள்ளுத்தாத்தாவின் பெயரை நான் எழுதி வைத்திருக்கிறேன்.