வயிற்றுப் பிள்ளையின் அசைவு

மே 31-ஆம் நாள் நாம் கொண்டாடும் மரியன்னை சந்திப்புத் திருநாளில், எலிசபெத்தம்மாளின் வயிற்றில் ஸ்நாபக அருளப்பர் துள்ளிய செய்தி வாசிக்கப்படுகிறது. அவ்வம்மாளுக்கு அது ஆறாம் மாதம் என்பதை லூக்காஸ் குறித்து வைத்துள்ளார். அதற்கு முன் ஐந்து மாதம் மறைவாயிருந்தார் என்கிறாரேயன்றி, பிள்ளை எப்போது அசைந்தது என்று எவரும் அவரிடம் கணக்குக் கேட்டதாக எழுதவில்லை.

நம் தாமிரபரணிக் கரையூர்களிலோ கணக்குக் கேட்போர்க்குக் குறைவில்லை. அண்மையில் தலைச்சன் பிள்ளையைச் சுமந்த ஒரு பெண், ஆசி பெறுவதற்காக மாமியாருடன் வந்தாள். பேசியவர் மாமியாரே. "ஐந்து மாதம் நிறைந்தும் பிள்ளை துடிக்கவில்லை, சாமி! நான் சுமந்தபோது நாலாம் மாதமே துள்ளியது. இவள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை; கண்ணேறும் பட்டிருக்கிறது" என்றார். மருமகள் தலை நிமிரவில்லை. அவள் கையிலிருந்த ஸ்கேன் சீட்டிலோ, பிள்ளை நலம் என்றும், நஞ்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில் ஒட்டியுள்ளது என்றும் எழுதியிருந்தது. அவ்விரண்டாம் வரியில்தான் விடை இருந்தது.

கரு எங்கே தங்குகிறதோ அதையொட்டியே நஞ்சுக்கொடி வளரும். முன்புறம், பின்புறம், மேற்புறம் எல்லாம் இயல்பான இடங்களே. முன்புறம் அமைந்தால், பிள்ளைக்கும் தாயின் வயிற்றுத் தோலுக்கும் இடையே அது திண்டுபோல் கிடக்கிறது. கதவின் உட்புறம் பத்தமடைப் பாயைத் தொங்கவிட்டால் தட்டும் ஓசை வெளியே கேட்கும். இலவம்பஞ்சு மெத்தையைத் தொங்கவிட்டால் மங்கிவிடும். தட்டுகிறவனின் கை மட்டும் ஓயவில்லை.

தலைச்சனைச் சுமப்பவள் பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்துக்குள் அசைவை உணர்வாள். முன்பே பெற்றவள் 16 வாரத்திலேயே இனங்கண்டுகொள்வதும் உண்டு. அந்த மாமியார் ஆறு பெற்றவர். கடைசிப் பேறுகளின் நினைவால் மருமகளின் முதற் பேற்றை அளந்தாரோ என்னவோ! நஞ்சுக்கொடி முன்னிருந்தால் 20 வாரம் கடந்தும் தாமதமாகலாம். முதலில் விலாப்பக்கத்திலோ அடிவயிற்றிலோ உதை தெரியும். 24 வாரமாகியும் ஒன்றும் தெரியாவிடில் மருத்துவரிடம் சொல்லவேண்டும். முன்பு அறுவை செய்து பெற்றவளுக்கு நஞ்சுக்கொடி முன்புறத்தில் தாழ்ந்தும் இருக்குமாயின், அது தனிக் கவனத்துக்குரியது. முன்னிருந்தால் பெண், பின்னிருந்தால் ஆண் என்பது வெறும் பேச்சு. ஸ்கேனில் அதை அறிய முயல்வதோ 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இனிச் சொல்வதே முக்கியம். பிள்ளையின் அசைவு பழகியபின், அதன் ஒழுங்கு தாய்க்கே தெரியும். ஏறத்தாழ 28 வாரத்துக்குப்பின் அந்த அசைவு குறைந்தாலோ நின்றாலோ, "நஞ்சுக்கொடி முன்னால் இருக்கிறது, அதனால்தான்" என்று எவரும் ஆறுதல் சொல்லலாகாது. உணர்வு தொடங்கத் தாமதமாவதற்கு அது காரணமாகலாம். உணர்ந்துவந்த அசைவு குறைவதற்கு அதைக் காரணமாக்குவது ஆபத்து. நிறைமாதத்தில் பிள்ளை அடங்கிவிடும் என்பதும் தவறு. பிறக்கும் வரை அசையவேண்டும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கும் வேளையில் ஓர் உயிர் போய்விடக்கூடும்.

நள்ளிரவில் மாமியாரை எழுப்ப அஞ்சும் மருமகள்கள் நம் பங்குகளில் உண்டு. ஆகவே மாமியார்களே, "எந்நேரமானாலும் என்னை எழுப்பு, மகளே" என்று இன்றே சொல்லிவையுங்கள். 108-ஐ அழைத்தால் கட்டணமின்றி ஆம்புலன்ஸ் வரும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் இரவும் பகலும் பிரசவப் பிரிவு திறந்திருக்கிறது.